நாற்பது விநாடிகள்

தலைமையாசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'மைக் செட்'. அவர் பாடம் நடத்தினால் பக்கத்து வகுப்புக்கும் இலவசமாகக் கேட்கும். முப்பது வருடம் கணக்கு நடத்திய தொண்டை அது. அன்று அந்தத் தொண்டைக்கு வேலையில்லை. ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில், முட்டி இடிக்க, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புதிய கணக்கு டீச்சரின் தகுதிகாண் பருவம் அந்த வாரத்தோடு முடிகிறது. மாணவி ஒருத்தியின் அப்பா எழுத்திலேயே புகார் கொடுத்திருந்தார்: 'கேட்டால் பதிலே சொல்வதில்லை. பிள்ளைகளை முழிக்க வைக்கிறார்.' வகுப்பைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியர் 'திருப்தியில்லை' என்று எழுதினால் டீச்சர் மூட்டை கட்ட வேண்டியதுதான். நிஜத்தைச் சொன்னால், பாதி அறிக்கையை அவர் மனதுக்குள் எழுதிவிட்டுத்தான் வந்திருந்தார்.

டீச்சர் கரும்பலகையில் ஒரு சமன்பாடு எழுதினார். எக்ஸின் வர்க்கம், ஒன்பது எக்ஸுக்குச் சமம். எக்ஸ் எவ்வளவு?

இரண்டு பக்கத்தையும் எக்ஸால் வகுத்து, வகுப்பே ஒரே குரலில் ஒன்பது என்றது.

"சரி. ஒன்பது மட்டும்தானா?"

கேட்டுவிட்டு டீச்சர் சும்மா நின்றார். விளக்கவில்லை, துப்புக் கொடுக்கவில்லை, யாரையும் முறைக்கவுமில்லை. மின்விசிறி மட்டும் கடகடவென்று ஓடியது. கடைசி பெஞ்சில் தலைமையாசிரியருக்கு நாக்கு அரித்தது. சுவர்க் கடிகாரத்தில் நாற்பது விநாடி போனது.

"டீச்சர், பூஜ்யம் போட்டாலும் வருதே!" என்றது நடு வரிசை.

"ஆமா, வருது. அப்போ நாம போட்ட வழியில அந்தப் பூஜ்யம் எங்க தொலைஞ்சுது?"

மறுபடியும் அதே மௌனம். ஒரு நிமிடம் தாண்டியது. பெரியவரால் தாங்க முடியவில்லை. "அது என்னன்னா..." என்று எழுந்தேவிட்டார்.

"சார், இன்னும் கொஞ்சம்," என்றார் டீச்சர், மெதுவாக.

பள்ளிக்கூடத்தையே அதட்டும் மனிதர், பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரிக்க, அப்படியே உட்கார்ந்தார். அப்போதுதான் ஜன்னலோரத்துப் பெண் எழுந்து நின்றாள். புகார் கொடுத்தவரின் மகள். பலகைவரை போய், வகுத்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இங்க எக்ஸால வகுத்தோம். எக்ஸே பூஜ்யமா இருந்தா... வகுக்கவே கூடாதே. நாமளேதான் அதைத் தொலைச்சிருக்கோம்!"

வகுப்பு 'ஆ' என்றது. பெரியவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதே தவறை முப்பது வருடமாக அவர் பிள்ளைகளுக்கு விளக்கியிருக்கிறார், அதுவும் நன்றாக. ஆனால் ஒரு பிள்ளை அதைத் தானே கண்டுபிடிக்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததேயில்லை. பார்க்க அவர் இடமே கொடுத்ததில்லை.

மணி அடித்ததும் வராந்தாவில் டீச்சரை நிறுத்தினார். "அப்படி நிக்கறப்ப உங்களுக்குப் பயமா இருக்காதாம்மா?"

"ஒவ்வொரு தடவையும் பயம்தான் சார். யாருமே சொல்லலைன்னா என்ன பண்றதுன்னு. இன்னைக்கு நீங்க வேற பின்னாடி உட்கார்ந்திருந்தீங்க."

வேலையே போகக்கூடிய நாளிலும் டீச்சர் அவசரப்படவில்லை. தலைமையாசிரியருக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது. அறைக்குப் போய், 'நிரந்தரம் செய்யலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் முடிவு கேட்க, புகார் கொடுத்த அப்பா வந்து நின்றார். தலைமையாசிரியர் மகளையும் வரச் சொன்னார்.

"உங்க பொண்ணையே கேளுங்க, டீச்சர் எப்படின்னு."

அப்பா கேட்டார். பெண் தரையைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா சார், இவளுக்கு ஒண்ணுமே..."

"கொஞ்சம் பொறுங்க," என்றார் மைக் செட்.

மூவரும் சும்மா நின்றார்கள். வாசலில் சைக்கிள்கள் எல்லாம் கிளம்பிப் போயின. அப்புறம் பெண் நிமிர்ந்தாள்.

"டீச்சர் இருக்கட்டும்பா. என்னால யோசிக்க முடியும்னு அவங்க மட்டும்தான் நம்பறாங்க."