குளவிக்கொட்டும் புதன்கிழமைத் தர்க்கமும்

1. அவர் வந்த நாள்

டொக்டர் செல்வகுமார் வந்த முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அன்றைக்கு யாராவது காரணம் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். இப்போது ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது? பொறாமைதான் காரணம்.

மாத்தளை மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் நான்தான் மூத்த மெடிக்கல் ஒஃபிசர். நெஞ்சுவலி, பாம்புக்கடி, மிளகு பறிக்க ஏறி விழுந்தவர் என்று எது வந்தாலும், "ஸரீனா மிஸ் வந்தாச்சா?" என்று கேட்ட பிறகுதான் நேர்ஸ்மாருக்கு மூச்சே வரும். கன்சல்டன்ட், அதாவது விசேட வைத்திய நிபுணர், ஆவதற்கான பரீட்சையை நானும் எழுதினேன். இரண்டு தடவையும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் சின்னவர்கள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, அத்தோடு விட்டுவிட்டேன்.

செல்வகுமார் அதே பரீட்சையை முதல் தடவையிலேயே பாஸ் பண்ணி, வெளிநாட்டுப் பயிற்சியையும் முடித்துக்கொண்டு எங்களுக்குக் கன்சல்டன்டாக வந்தார். என்னைவிட எவ்வளவோ இளையவர். ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர் என்பதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். "இங்கத்த வேலைய நீங்கதான் எனக்கு காட்டித் தரணும் டொக்டர்" என்றார். நடிக்கிறார் என்று நினைத்தேன். நடிக்கவில்லை என்று தெரிந்தபோது இன்னும் எரிந்தது.

2. தர்க்கம்

புதன்கிழமைகளில் டீ நேரத்தில் ஒரு கூட்டம் ஆரம்பித்தார். ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்து, அதில் சொல்வதையும் நாங்கள் செய்வதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் வேலை. முதலில் எடுத்தது குளவிக்கொட்டு. கொழுந்து பறிக்கிற பெண்கள் அடிக்கடி அப்படி வருவார்கள். சிலருக்கு அலர்ஜி ஏறி, முகம் வீங்கி, பிரஷர் இறங்கி, மூச்சும் அடைத்துவிடும். நாங்கள் முதலில் வீக்கத்துக்கும் அரிப்புக்குமான ஊசிகளைப் போட்டுப் பார்ப்போம். அட்ரினலினைக் கடைசிக்கு வைத்திருப்போம். வயதானவர்களுக்குப் போட இன்னும் பயப்படுவோம்.

"அட்ரினலினத்தான் முதல்ல போடணும், தொடையில. மத்ததெல்லாம் அதுக்குப் பிறகுதான்" என்றார் செல்வகுமார்.

"வயசானவங்களுக்குமா? ஹார்ட் தாங்காட்டி யாரு பதில் சொல்றது?" என்றேன்.

"போடாம விட்டு உயிர் போனா யாரு பதில் சொல்றது டொக்டர்?"

"இந்த பேப்பர எழுதினவங்க ரிவர்ஸ்டன் மலை ரோட்டுல ஒரு நோயாளிய ஏத்திக்கிட்டு வந்திருக்காங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு அமைதியாகச் சொன்னார். "அதுக்குத்தான் சொல்றேன். பாதி நேரம் ரோட்டுலயே போயிருது. இங்க வந்த பிறகும் காத்துக்கிட்டு இருக்க ஏலுமா?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. தலையை ஆட்டினார்கள். எங்கள் மூத்த நேர்ஸ் ராணி சிஸ்டரும் ஆட்டினார். இத்தனை வருஷமாக நான் சொல்வதற்கு ஆடிய தலை அது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அன்று மாலை மஃரிப் தொழுதுவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். அறிவு தேடி ஒன்றும் இல்லை. அவர் பேச்சில் ஓர் ஓட்டை தேடி.

"இந்த வயசில என்ன எக்ஸாம்?" என்று என் கணவர் கேட்டார்.

"ஒருத்தர மடக்கணும்."

"அப்ப நல்லா படிங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அட்ரினலின் விஷயத்தில் எங்கே பார்த்தாலும் அவர் சொன்னதுதான் சரி. வயிறு எரிந்தது. ஆனால் அவர் அன்று வாயே திறக்காத ஒன்று அகப்பட்டது. பிரஷர் விழுந்த அலர்ஜி நோயாளியை, தேறிய மாதிரி தெரிந்தாலும், எழுப்பி உட்கார வைக்கக்கூடாது, நடக்க விடவே கூடாது. இரத்தம் காலுக்கு இறங்கி, இதயத்துக்குத் திரும்பி வராமல், அந்த இடத்திலேயே இதயம் நின்றுவிடலாம். எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த புதன்கிழமை எல்லோர் முன்னாலும் அவரிடம் இதைக் கேட்டு முழிக்க வைப்பது என்று தீர்மானித்தேன். கேள்வியைக்கூட மனப்பாடம் பண்ணி வைத்துக்கொண்டேன்.

3. பாக்கியம் அம்மா

புதன்கிழமைக்கு முன்னமே, ஒரு காலையில், தோட்டத்து லொறியில் பாக்கியம் என்ற கொழுந்து பறிக்கிற அம்மாவைக் கொண்டுவந்தார்கள். முகமெல்லாம் வீக்கம், கொண்டைக்குள் செத்த குளவிகள், கையில் பல்ஸ் சரியாக அகப்படவில்லை. செல்வகுமாரே தொடையில் அட்ரினலின் போட்டார். நான் சேலைன் ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார்.

"தம்பிக்கு எந்தத் தோட்டங்க?"

அவர் தோட்டத்தின் பெயரைச் சொன்னார்.

"அட, நம்ம பக்கந்தான். மேல் டிவிசனா, கீழ் டிவிசனா?"

"கீழ் டிவிசன்மா."

அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனை வருஷமாக அந்தச் சனத்துக்கு மருந்து கொடுத்திருக்கிறேன், நான் எந்த ஊர் என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. சேலைன் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு பாக்கியம் அம்மா மெல்லச் சொன்னார். "தம்பி, கொஞ்சம் ஒதுங்கணும்."

ராணி சிஸ்டர் பெட்பேன் கொண்டுவந்தார். அந்த அம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "இத்தன ஆம்பளைங்க இருக்காங்களே, எப்படிங்க? நான் நடந்து போயிருவேன். இப்ப நல்லாத்தான் இருக்கு."

எங்கள் திரைச்சீலை ஒருநாளும் முழுசாக மூடியதில்லை. செல்வகுமார் அதைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். அவர் முகம் மாறிப்போனது. "சரிம்மா. பாத்ரூம் பக்கத்துலதான். கைத்தாங்கலா கூட்டிக்கிட்டு போங்க" என்று அட்டெண்டன்ட் பெண்ணிடம் சொன்னார். அவள் தோளுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கினாள்.

இப்போதே சொன்னால் புதன்கிழமைக்கு என் கையில் ஒன்றும் இருக்காது. அந்த நினைப்பும் வந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் வாய் அதற்கு முன்னமே திறந்துவிட்டது. "எழுப்ப வேணாம். படுக்க வைங்க, படுக்க வைங்க."

அதற்குள் அந்த அம்மா காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாயிற்று. கண் மேலே செருகியது. மணிக்கட்டில் என் விரலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. சாய்த்துப் படுக்க வைத்தோம். இரண்டு காலையும் தூக்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். செல்வகுமார் இரண்டாவது ஊசியைப் போட்டுவிட்டுச் சேலைன் பையைக் கையால் அமுக்கினார். ராணி சிஸ்டர் கழுத்தில் விரலை வைத்துத் தேடிக்கொண்டே நின்றார்.

"வருது மிஸ். பல்ஸ் வருது."

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். பிறகு ஆண்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, படுக்கை விரிப்புகளை மறைப்பாகக் கட்டி, நானே பெட்பேனை வைத்தேன். சில நாளில் பாக்கியம் அம்மா வீட்டுக்குப் போனார்.

4. அடுத்த புதன்கிழமை

மனப்பாடம் பண்ணிய கேள்விக்கு இப்போது வேலை இல்லை. நடந்ததை என் வாயால் சொல்லலாம், அதுவே அவருக்குப் போதும் என்று நினைத்துக்கொண்டு போனேன். நான் ஆரம்பிக்கும் முன்னமே செல்வகுமார் எழுந்து நின்றார்.

"போன கிழமை ஒரு நோயாளிய நான் சாகக் கொடுக்கப் பார்த்தேன். பிரஷர் விழுந்தவங்கள எழுப்பக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். எங்க அம்மா மாதிரி இருந்தாங்க, வெக்கப்பட்டாங்க, நான் விட்டுட்டேன். அது என் பிழை. ஸரீனா டொக்டர் தடுக்காட்டி அவங்க இன்னைக்கு இல்ல. அதனால இனி யாரு சொன்னாலும், நானே சொன்னாலும், எழுப்பாதீங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்து டீயைக் குடித்தார். பிழையை ஒத்துக்கொண்ட மனுஷன் முகத்தில் ஒரு கறுப்பும் இல்லை. பயிற்சிக்கு வந்த இளம் டொக்டர்மார் உட்பட எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அவர் பிழை, நான் சரி, அதுவும் எல்லோர் முன்னாலும். ஆனால் அந்த அறையில் அவருக்குத்தான் மதிப்புக் கூடியது.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். அடுத்தவருடைய படிப்பைப் பார்த்துப் பொறாமை வந்தால் வரட்டும். உட்கார்ந்து படித்தால் அது தீரும், எனக்குத் தீர்ந்தது. அட்ரினலினையும் அன்றிலிருந்து முதலிலேயே போட்டேன். ஆனால் "அது என் பிழை" என்று சொல்லிவிட்டு டீ குடிக்க முடிந்த அந்த மனசைப் பார்த்துப் பட்ட பொறாமை படித்துத் தீராது. நாமும் அப்படிச் சொன்னால்தான் தீரும்.

அதற்குப் பிறகும் நான் ஓய்வுபெறும் வரை புதன்கிழமைகள் வந்துகொண்டுதான் இருந்தன. சொல்ல எனக்கும் எத்தனையோ பிழைகள் இருந்தன. ஒவ்வொரு தடவையும் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.