தொழில் என்ற கட்டம்

சவுரிராயன் பழைய பதிவுப் புத்தகத்தின் பக்கத்தை எச்சில் தொட்டுப் புரட்டமாட்டார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு அதில் விரலை நனைப்பார். “செத்தவங்க பேரும் இதுல இருக்குது. எச்சி பண்ணலாமா?” என்பார்.

திண்டிவனத்தை அடுத்த கிராமத்து மாதா கோயிலில் அவர் கோயில்பிள்ளை. மணி அடிப்பதும், ஞானஸ்நானம், கல்யாணம், சாவு மூன்றையும் புத்தகத்தில் ஏற்றுவதும் அவர் வேலை. இந்த உலக யுத்த காலத்தில் பட்டாளத்துக்கும் ரயில்வேக்கும் ஆள் எடுக்கிறார்கள். வயதுக்கு அத்தாட்சி கேட்டு தினம் நாலு பேர் வருகிறார்கள். சீட்டை வாங்கினோம், போனோம் என்பது அவரிடம் நடக்காது. “ஜல்தியா போயி இன்னா பண்ணப் போறே? குந்து. ஒன் தாத்தன் இன்னா தொழில் பண்ணாருன்னு பாத்துட்டுப் போ” என்று உட்காரவைத்துவிடுவார்.

ஞானஸ்நானப் புத்தகத்தில் தகப்பன் தொழிலுக்கென்று விரல் அகலத்தில் ஒரு கட்டம் உண்டு; அப்பாவின் பதிவைப் பிரித்தால் தாத்தாவின் தொழில் தெரியும். எப்போதாவது யாருடைய தாத்தாவாவது தச்சராகவோ, துரை வீட்டுக் குதிரைக்காரராகவோ அகப்படுவார். அன்றைக்கெல்லாம் சவுரிராயனுக்குத் தன் வீட்டில் கல்யாணம் நடந்த மாதிரி. மற்றபடி சேரிக்காரர்கள் அத்தனை பேருக்கும் பக்கம் பக்கமாக ஒரே வார்த்தை: கூலி. “எந்தக் கூலி? மண்ணா, கல்லா, அறுப்பா? கேட்டு எழுதறதுல இன்னா பேஜாரு?” என்று எழுபது வருஷத்துக்கு முன் எழுதிய கையோடு சண்டை போடுவார்.

கோபத்துக்குக் காரணம் உண்டு. அவருடைய சொந்தத் தாத்தா மாசிலாமணியும் அந்தக் கட்டத்தில் கூலிதான். தகப்பனாருக்கு நாலு வயதாகும்போதே தாத்தா போய்விட்டதால், அவர் என்ன வேலை செய்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு வருஷம் தேடினார். பிரம்மதேசத்தில் தொண்ணூறு வயதுக் குப்பம்மாள் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு நடந்தே போனார். “ஒன் தாத்தனா? நல்லா வேல செய்வான்” என்றாள் அவள். அதோடு சரி.

போன ஐப்பசி மழையில் கோயில் கூரை ஒழுகி, அலமாரியில் இருந்த புத்தகமெல்லாம் நனைந்துபோயின. வெயில் கண்டதும் வாசலில் பரப்பினார். சாவுப் புத்தகத்தில் தொழில் கட்டம் கிடையாது; அதனாலேயே அதில் அவர் தேடியதில்லை. ஈரப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். அந்தக் காலத்துப் பங்குச் சாமியார் ஒருவர் ஓரத்தில் பொடி எழுத்தில் குறித்திருந்தார்: ‘மாசிலாமணி. விக்கிரவாண்டிப் பக்கம் கிணறு தோண்டுகையில் பாறைக்கு வைத்த வெடியால் மரித்தான்.’ பெண்சாதி பெயரும் பாட்டியின் பெயர்தான்.

“கெணறு வெட்னவரு எங்க தாத்தா!” என்று ஆளில்லாத வாசலில் உரக்கச் சொன்னார். அழவும் அழுதார்.

மறுநாளே விக்கிரவாண்டிக்குப் புறப்பட்டார். பழைய கிணறாகத் தோன்றியதையெல்லாம் எட்டிப் பார்த்தார். எது என்று யார் சொல்வது? ஒரு கிணற்றடியில் குடிக்கத் தண்ணீர் கேட்டார். மாடு பூட்டிக் கவலையில் நீர் இறைத்துக்கொண்டிருந்தவர் எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டு, எட்ட நிற்கச் சொல்லிக் கையில் ஊற்றினார். அந்தத் தண்ணீர் நல்ல தித்திப்பு என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மற்றதைச் சொல்வதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தோணிசாமியும் அவன் மனைவி ஜெயமும் பெண்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வந்தார்கள். சவுரிராயன் புத்தகத்தைப் பிரித்து, “தொழிலு?” என்றார்.

“கூலின்னு போட்டுக்கோங்கண்ணா.”

“எந்தக் கூலி?”

“விழுப்புரம் டேசன்ல எஞ்சினுக்குக் கரி வாரிக் கொட்றேங்க. அத்தினியும் எழுத எடம் ஏதுங்க?”

சவுரிராயன் சொன்னதைச் சொன்னபடியே எழுத ஆரம்பித்தார். கட்டம் தீர்ந்ததும் கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்தில் எழுதிக்கொண்டே போனார். தாயின் தொழிலுக்கு அந்தப் புத்தகத்தில் கட்டமே கிடையாது. பேனாவை மறுபடி மையில் தோய்த்துக்கொண்டு ஜெயத்தின் பக்கம் திரும்பினார்.

“நீ இன்னா வேலைக்கிப் போறேம்மா? சொல்லு.”