நெஞ்சுப் படத்தில் ஒரு நிழல்

மட்டக்களப்பு நகரில் வாவிக்கரை ஒழுங்கையொன்றில் கிளாறிஸ் தையல் தைக்கிறாள். ஐரோப்பிய வழிவந்த பறங்கிக் குடும்பங்களில் கல்யாணமென்றால் வெள்ளைக் கவுனுக்கு அவளிடந்தான் வருவார்கள். கணவன் ஆர்னோல்ட் மோட்டார் சைக்கிள் திருத்துபவன்.

முதல் பிள்ளை றோகான் கொழுகொழுவென்றுதான் பிறந்தான். சில மாதங்களில் வாய்க்குள் வெண்படலம் படர்ந்தது. இருமல் விடவில்லை, வயிற்றோட்டம் அடங்கவில்லை. கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே டொக்டர் பாஹிம் நெஞ்சு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

“சின்னப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில தைமஸ் சுரப்பியிட நிழல் தெரியவேணும். மகனுக்குக் காணல்ல.”

“அது என்ன செய்யிற, டொக்டர்?”

“எலும்புக்குள்ள இருக்கிற மச்சையில உண்டாகிற இளம் கலங்கள், செல் எண்டு சொல்றது, அங்க வந்துதான் ரீ கலங்கள் எண்ட வெள்ளையணுக்களா முதிரும். எதையும் அடையாளம் காண ஏலாத கலம் அங்கயே செத்துப்போகும். சொந்த உடம்பைத் தாக்கக்கூடியதும் அப்பிடித்தான். தப்பி வாற கொஞ்சந்தான் கிருமியோட சண்டை பிடிக்கும். மகனுக்கு அந்த இளம் கலங்கள் அங்க வந்து வளரவேயில்ல. சுரப்பி வெறுமையாச் சுருங்கிக் கிடக்கு.”

கிளாறிஸ் தலையாட்டினாள். எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சைக்குப் பொருத்தமானவரைத் தேடும்போதே நியூமோனியா முந்திக்கொண்டு றோகானைக் கொண்டுபோனது.

அடக்கத்தில் அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் பாதியில் கிடந்த கவுனை எடுத்துத் தைத்தாள். ஊசி விரலில் ஏறியது. இரத்தம் துணியில் பட்டபிறகுதான் தெரிந்தது. அந்தப் பாகத்தை வெட்டியெறிந்துவிட்டு வேறு துணி வைத்தாள்.

பிறகு கிம் பிறந்தாள். இது பரம்பரையாகவும் வரலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தபடியால், பிறந்த கையோடு பிள்ளையைத் தனியறையில் வைத்துப் படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று பாஹிம் சிரித்தார்.

“நிழல் நல்லாத் தெரியுது. ரீ கலங்களும் போதுமான அளவு இருக்கு. பயப்பிடாதீங்க.”

ஆர்னோல்ட் சுவரில் நெற்றியை வைத்து விம்மினான். கிளாறிஸ், “பால் குடுக்கலாமா?” என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் யாருக்கும் கதவைத் திறக்கவில்லை. பார்க்க வந்த சொந்தங்கள் யன்னலோடு திரும்பினார்கள். கைகழுவிக் கழுவி அவளுடைய விரலிடுக்குகள் வெடித்திருந்தன. எரியவேண்டும் என்று அவளுக்குத் தெரியும்; ஆனால் எரியவில்லை.

மாரி மழை தொடங்கியபோது ஆர்னோல்டுக்குத் தடிமன் பிடித்தது. மறுநாள் கிம்முக்கும் மூக்கு ஒழுகியது, காய்ச்சல் வந்தது. ஆசுபத்திரியில் சோதித்துப் பார்த்து, சாதாரணக் காய்ச்சல் என்று திருப்பி அனுப்பினார்கள். கிளாறிஸ் பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்தபடி கட்டிலருகே இருந்தாள். என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்பதுபோல இருந்தது; பயம்கூட வரவில்லை.

காய்ச்சல் தானாகவே விட்டது. கிம் வியர்த்துப்போய், வாய் நிறையப் பால் குடித்தாள்.

“கிளாறிஸ், பாத்தியா? சுகமாயிற்று,” என்றான் ஆர்னோல்ட். “உனக்குச் சந்தோசம் இல்லையா?”

அவள் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

“தெரியல்ல. பசிக்குது.”

அவன் கடைக்குப் போய்ப் பாணும் பருப்பும் வாங்கி வந்தான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே அவள் சாப்பிட்டாள். அவன் போய்வந்த முன்கதவு திறந்துதான் கிடந்தது. அவள் எழுந்து போய்ச் சாத்தவில்லை.