குட்டி போடும் பச்சோந்தி

"ஏறு சாமி, ஏறு. கத்தி வருது, சட்டுனு ஏறிக்க."

ஆவாரம் புதருக்குள் கழுத்துவரை நுழைந்துகொண்டு ரத்தினசாமி கெஞ்சிக்கொண்டிருக்கிறார். உள்ளே இருப்பது கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை அல்ல, ஒரு பச்சோந்தி. அதன் முன்காலுக்கு நேராக ஒரு குச்சியை நீட்டியிருக்கிறார். அது ஒரு காலைத் தூக்கும். வைக்கலாமா வேண்டாமா என்று முன்னும் பின்னும் ஆடும். ஒரு கண்ணால் குச்சியைப் பார்க்கும், மற்றக் கண்ணால் என்னைப் பார்க்கும். அது முடிவுக்கு வருவதற்குள் நான் நிதானமாக வெற்றிலை போட்டு முடித்துவிடலாம். ஏறியதும் குச்சியோடு தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தில் விடுவார். பின்னால் ஒதுங்கி நிற்கும் பெண்களைப் பார்த்து, "ஆச்சு, வெட்டுங்கம்மா" என்பார். பிறகு அடுத்த புதர்.

ஆம்பூரில் வாஹித் பாஷா அவர்களின் தோல்ஷாப்புக்கு ஆவாரம்பட்டை வாங்கிக் கொடுக்கும் குமாஸ்தா வேலை என் பிழைப்பு. தோல் பதப்படப் பட்டைச் சாற்றில் ஊற வேண்டும். அந்தப் பட்டை எங்களுக்கு மாதனூர்க் கரட்டுக் குன்றிலிருந்து வருகிறது. அங்கே பூவம்மாள் தலைமையில் ஒரு பெண்கள் கூட்டம் கிளைகளை வெட்டி, கட்டையால் தட்டி, பட்டையை உரித்துக் காயப்போடுகிறது. சூரர்கள்தான். நல்லபாம்பைக்கூடக் கட்டையாலேயே ஒரு தட்டு தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் பச்சோந்தியைக் கண்டுவிட்டால் தீர்ந்தது. அது ஊதினால் மேலெல்லாம் கொப்புளிக்கும், தொட்டால் கை விளங்காது என்று அவர்களுக்கு நம்பிக்கை. முன்பெல்லாம் ஒரு பச்சோந்தி தலை காட்டினால் அந்தப் பக்கத்துப் புதர்களை அன்று முழுவதும் தொடமாட்டார்கள். என் வண்டி பாதி காலியாகத் திரும்பும். ஷாப்பில் நான் திட்டு வாங்குவேன். ஒரு பல்லி ஜாதிப் பிராணிக்காக மனிதன் திட்டு வாங்குவதாவது!

ரத்தினசாமி வந்த பிறகு என் வண்டி நிறைகிறது. ஆகையால் அவரைப் பற்றி நான் சொல்லும் நல்ல வார்த்தைகளில் கொஞ்சம் சுயநலத்தைக் கழித்துக்கொள்ளவும்.

ஆளுக்குச் சொந்த ஊர் கலவைப் பக்கம். மீசை அரும்பும் வயதில் கூலிக்கப்பல் ஏறிக் கடல் தாண்டி நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர், மீசை நரைத்துத் திரும்பி வந்திருக்கிறார். போன இடத்தில் சேர்த்த சொத்து, உச்சி கிழிந்த ஒரு தொப்பியும் கட்டைவண்டி மாட்டைப் பார்த்து "எஸ் பாஸ்" என்று சொல்லும் பழக்கமும். தாய் தகப்பன் போய்விட்டார்கள். சொந்தக்காரர்கள் வாசலிலேயே நிறுத்தி விசாரித்து அனுப்பிவிட்டார்கள். பட்டை வண்டி வந்த வழியில் நடந்து வந்து எங்கள் கரட்டில் நின்றுவிட்டார். எல்லோருக்கும் அவர் "நேட்டாலு". அவர் இல்லாத சமயத்தில் "புளுகு மூட்டை".

காரணம் இருக்கிறது. மத்தியானம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்ததும் நேட்டால் கதை தொடங்கிவிடும்.

"அங்கே இந்த ஜந்து தினுசு தினுசா இருக்குது ஐயா. கரும்புத் தோட்டத்துல இருக்கிறது இத்தாம் பெரிசு" என்று முழங்கையைக் காட்டுவார். "தலைக்குப் பின்னாடி ரெண்டு மடல். கோவம் வந்தா ஆனை காது மாதிரி தூக்கும். வாயைத் தொறந்தா உள்ள கிச்சிலிப்பழ நெறம், மஞ்சளும் செவப்பும் கலந்தாப்பல. தொரை வீட்டு வேலியில இருக்கிறது வேற. வெரல் நீளந்தான். கழுத்துக்கு அடியில மணி கோத்தாப்பல இருக்கும்."

"இன்னும் இன்னா இருக்குது, சொல்லு" என்று தூண்டிவிடுவாள் சவுரியம்மாள். கூட்டத்திலேயே நாக்கு நீளமானவள் அவள். பச்சோந்திக்கும் நாக்கு நீளம்தான், ஆனால் அது பூச்சியோடு நிறுத்திக்கொள்கிறது.

"மொரீசுக்காரன் ஒருத்தன் எனக்கு தோஸ்த்து. மடகாஸ்கர்ல பூனை பெரிசு இருக்குதாம். நகத்து மேல ஒக்காற மாதிரி பொடிசும் இருக்குதாம். மூக்குல கொம்பு வெச்சதும் இருக்குதாம். அது அவன் சொன்னது. அதுக்கு நான் ஜவாப்தாரி இல்லே. நான் பார்த்ததுக்குத்தான் நான் ஜவாப்தாரி."

இந்த ஒரு வார்த்தையை அவர் மறக்காமல் சேர்ப்பார். பார்த்தது ஒரு பக்கம், கேட்டது ஒரு பக்கம். எங்கள் ஷாப்பில் தோலைத் தரம் பிரிக்கிறவர்கள்கூட இவ்வளவு கறாராகப் பிரிப்பதில்லை.

நம் கரட்டில் இருப்பது ஒரே தினுசுதான் என்பார். ஆனால் ஒன்றைப்போல் ஒன்று கிடையாதாம். பார்த்தவுடன் உடம்பை உப்பவைத்துச் சீறுவது தாசில்தார். வெளியில் பச்சையாக இருந்து, கிட்டே போனதும் கறுத்துப்போவது மாமியார். நாம் எந்தப் பக்கம் போனாலும் கிளைக்கு மறுபக்கம் நழுவிக்கொள்வது புதுப்பெண். மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக ஒன்று அடிவாரத்து விராலிச் செடியில் இருக்கிறது. அதற்குப் பெயர் குமாஸ்தா. ஏன் என்று நான் கேட்கவில்லை.

"நெறம் மாறி ஏமாத்துதுன்னு ஜனங்க அதைத் திட்டுறாங்க" என்று ஒருநாள் என்னிடம் வருத்தப்பட்டார். "அது ஏமாத்தலே ஐயா. வெயில் பட்டா ஒரு நெறம், பயந்தா ஒரு நெறம், தூங்கினா வெளுத்துப் போய்டுது. மனசுல இருக்கிறது தோல்ல தெரிஞ்சிடுது. ஒளிச்சு வெக்கத் தெரியாத ஜந்து."

சில சமயம் குச்சியை விட்டுக் கையிலேயே ஏற்றிக்கொள்வார். அங்கேதான் பேஜாரு. பச்சோந்தியைத் தொட்ட கையைச் சாம்பலும் மஞ்சளும் போட்டுத் தேய்த்துக் கழுவாமல் சோற்றுச் சட்டியைத் தொடக்கூடாது என்பது இந்தப் பெண்களிடையே வழக்கம். ரத்தினசாமி கழுவமாட்டார். "அது என்னைத் தொட்டுட்டு கழுவிக்குதா?" என்பார். அதனால் கூழ் வேளையில் எல்லோரும் சட்டியைச் சுற்றி உட்கார, அவர் மட்டும் எட்ட உட்கார்ந்து பூவரச இலைத் தொன்னையை நீட்டுவார். பூவம்மாள் ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுவாள். பாதி தொன்னையில் விழும், பாதி அவர் காலில்.

அப்படி ஊற்றும்போதும் அவர் முகம் மலர்ந்துதான் இருக்கும். ஏனென்றால் பூவம்மாளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு ஆசை. அவர்கள் ஜனத்தில் புருஷன் செத்தவள் மறுபடி கட்டிக்கொள்ளலாம், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். பூவம்மாளுக்கும் ஆளைப் பிடித்திருந்தது. குடி இல்லை, கை நீட்டும் வழக்கம் இல்லை. ஆனாலும் அவள் தயங்கினாள். அவளுடைய முதல் புருஷன் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை என்று சொல்லிவிட்டுப் போய்ப் போய் வந்தவன். அவன் செத்த பிறகு, கருமாதி அன்று, அரக்கோணத்திலிருந்து ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு வந்து நின்று மாரடித்து அழுதாள். கோலாரே இல்லை. இத்தனை காலமும் அரக்கோணம்தான். இதைச் சொல்லும்போது பூவம்மாளின் கையில் கட்டை கொஞ்சம் பலமாகவே விழும்.

"எனக்கு அழகு வேணாம், காசு வேணாம். பொய் சொல்லாத ஆம்பளை வேணும்" என்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு முன்னால்தான் நம் ஆள் போன ஐப்பசியில் அந்தக் கதையை அவிழ்த்துவிட்டார். துரை வீட்டு வேலியில் இருந்த விரல் நீளப் பச்சோந்தி முட்டை இடாதாம். குட்டி போடுமாம்.

"நான் பார்த்தேன். கெளை மேல ஒக்காந்திருக்குது. பிசுபிசுன்னு பை மாதிரி ஒரு சொட்டு விழுது. எலையில ஒட்டிக்குது. அந்தப் பையை ஒடைச்சுக்கிட்டு புளியங்கொட்டை மாதிரி ஒண்ணு வெளிய வருது. வந்ததும் நடக்குது! வாலைச் சுருட்டிக்கிட்டு நடந்து போகுது!"

பெண்கள் சிரித்த சிரிப்பில் வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து போயின. "தாய்ப்பால் குடிச்சுதா? தாலாட்டு பாடிச்சா?" என்றாள் சவுரியம்மாள். நானும் சிரித்தேன். சிரிக்காதவள் பூவம்மாள் ஒருத்திதான். கட்டையைக் கீழே வைத்தாள்.

"இந்தாய்யா. போன மழைக்கு அந்தப் பாறைக்குப் பின்னால பச்சோந்தி மண்ணைத் தோண்டி முட்டை வெச்சுது. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். நீயும் பக்கத்துல நின்னே. நின்னியா இல்லியா?"

"நின்னேன்."

"அது முட்டைதானே?"

"முட்டைதான். நம்ம ஊருது முட்டைதான் வெக்குது. அந்த ஊருது குட்டி போடுது."

பூவம்மாள் எழுந்து அவர் எதிரில் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்தினாள். கெஞ்சுகிறாளா மிரட்டுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"தமாசுக்குச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நான் தப்பா நெனைக்க மாட்டேன். வர்ற தையில மாலை மாத்திக்கலாம். இவ்ளோ பேருக்கு முன்னால சொல்றேன்."

கல்யாணம் கைக்கெட்டும் தூரத்தில் தொங்குகிறது. ஒரு வார்த்தை போதும். 'சொல்லித் தொலையுமய்யா' என்று கண்ணாலேயே ஜாடை காட்டினேன். ரத்தினசாமி தொப்பியைக் கழற்றினார். கிழிந்த உச்சிக்குள் விரலை விட்டு எடுத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். முகம் கறுத்து, வெளுத்து, மறுபடி கறுத்தது.

"எப்டிச் சொல்றது பூவம்மா? பார்த்துட்டேனே."

சொல்லிவிட்டு எழுந்து புதர்ப்பக்கம் போய்விட்டார்.

மறுநாளும் வேலைக்கு வந்தார். எப்போதும்போல் முன்னால் போய்ப் புதர் புதராகப் பார்த்துக் கொடுத்தார். ஆனால் கெஞ்சல் இல்லை, கதை இல்லை. கூழ் வேளையில் தொன்னையை எடுத்துக்கொண்டு வரவும் இல்லை. தூரத்தில் ஒரு பாறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். அந்த முதுகைப் பார்க்கச் சகிக்கவில்லை. நேட்டாலில் அத்தனை வருஷம் தனியாக இருந்துவிட்டு, இங்கேயும் தனியாக உட்கார வந்தாரா மனிதர் என்று எனக்கு அவர்மேல் கோபமாகக்கூட வந்தது.

சவுரியம்மாள் கிளையைத் தட்டிக்கொண்டே, "கூறு கெட்ட மனுசன். பொய்யின்னு ஒத்துக்கிட்டிருந்தா தையில மாப்பிள்ளை ஆயிருப்பான்" என்றாள்.

பூவம்மாளின் கட்டை பாதியில் நின்றது. "இன்னாடி சொன்னே?"

"ஒத்துக்கிட்டிருந்தா வேலை முடிஞ்சிருக்கும்னேன்."

பூவம்மாள் பாறைப்பக்கம் திரும்பி அந்த முதுகைப் பார்த்தாள். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள்: "செத்துப்போன எம்புருசனா இருந்தா நேத்தே நூறு வாட்டி ஒத்துக்கிட்டிருப்பான்."

கட்டையைப் போட்டுவிட்டு எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகப் பாறைக்குப் போனாள். கூழ்ச்சட்டியையும் இடுப்பில் எடுத்துக்கொண்டாள். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். நானும் போனேன், வண்டி எங்கே போய்விடப் போகிறது?

ரத்தினசாமியின் முழங்கையில் ஒரு பச்சோந்தி உட்கார்ந்திருந்தது. பச்சையில் மஞ்சள் புள்ளி, வால் சுருள் பிரியவில்லை. புதுப்பெண் என்று நினைக்கிறேன்.

"அந்தக் குட்டி" என்றாள் பூவம்மாள், "பொறந்தவுடனே நடந்துச்சா?"

"நடந்துச்சு."

"வாலைச் சுருட்டிக்கிட்டா?"

"ஆமா. சுருட்டிக்கிட்டு."

பூவம்மாள் சட்டியைக் கீழே வைத்தாள். கண்களை இறுக மூடிக்கொண்டு வலது கையை நீட்டினாள். "ஐயோ வேணாங்கா!" என்று யாரோ கத்தினார்கள். பச்சோந்தி ஒரு காலைத் தூக்கியது. முன்னும் பின்னும் ஆடியது. ஒரு கண் ரத்தினசாமியைப் பார்த்தது, ஒரு கண் அவளைப் பார்த்தது. பிறகு மெல்ல அவள் விரலைப் பற்றி, உள்ளங்கையைக் கடந்து, மணிக்கட்டில் ஏறி நின்றது. பூவம்மாள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். அப்புறம் மற்றதையும் திறந்தாள்.

"ஜில்லுனு இருக்குது" என்றாள்.

ரத்தினசாமி அதைப் பதமாக வாங்கி ஒரு கிளையில் விட்டார். சவுரியம்மாள் ஓடிப்போய்ச் சாம்பலும் மஞ்சளும் ஒரு செம்புத் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டினாள். பூவம்மாள் அதைப் பார்க்கவே இல்லை. ரத்தினசாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதே கையைச் சட்டிக்குள் விட்டுக் கூழைக் கரைத்து, தன் கிண்ணத்தில் ஊற்றி, தான் ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியை அவரிடம் நீட்டினாள்.