வாசல் ராம்ப்பும் வார்டு மெம்பரும்

வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கிராம சபைக் கூட்டத்துக்குப் போய்வந்தேன்.

இந்த வயதில் இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய? கல்யாணமான நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்ஸ் வாசம். தெருவிளக்கு எரியவில்லையா, குழாய் ஒழுகுகிறதா — புகார் நோட்டில் எழுதிவிட்டு வந்தால் போதும். யாரோ வருவார்கள். சரிசெய்துவிட்டுப் போவார்கள். அந்த ‘யாரோ’ யார் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். வடலூர் போகிற வழியில் ஒரு கிராமத்தை ஒட்டிப் புதிதாக மனை போட்டிருந்தார்கள். அங்கே வீடு கட்டிக் குடிவந்துவிட்டோம். ஊர்ப் பெயர் வேண்டாம்... இந்தப் பத்தியை அங்கேயும் இரண்டு பேர் படிக்கிறார்கள்.

வந்த முதல் மழைக்காலத்திலேயே பிரச்சினை தெரிந்துவிட்டது. தெருவோரம் ஓடும் வாய்க்காலில் தண்ணீர் ஓடவில்லை. எங்கள் வீட்டுக்கு மேற்கே நாலு வீட்டு வாசலிலும் பச்சையாகத் தேங்கி நின்றது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்தாவிட்டால் கொசு நம்மைத் தூக்கிக்கொண்டே போய்விடும்.

இவர் சும்மா இருப்பாரா? முப்பது வருஷம் மைன்ஸில் பம்ப் செக்ஷன். சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீரை வெளியேற்றுவதுதான் உத்தியோகம். “தண்ணியப் பத்தி எனக்கா தெரியாது?” என்று ஒரு மனு எழுதினார். மூன்று காப்பி. கூடவே ஸ்கேல் வைத்துப் போட்ட வரைபடம். வாய்க்கால் நீல மையில், தேங்கும் இடம் சிவப்பு மையில்.

காந்தி ஜெயந்தி அன்று பள்ளிக்கூடத்து வாசலில் கிராம சபை. ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், கரகரக்கிற மைக். முன்வரிசையில் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள். நாங்கள் பின்வரிசை. இவர் முறை வந்ததும் எழுந்து போய் மனுவை முழுக்கப் படித்தார். மைன்ஸ் ரிப்போர்ட் மாதிரியே படித்தார். யாரும் குறுக்கே பேசவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

படித்து முடித்ததும் எங்கள் வார்டு மெம்பர் செல்வி எழுந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மைன்ஸ் நாற்றங்காலில் மரக்கன்று வளர்க்கிற கான்ட்ராக்ட் வேலை.

“சார் சொல்றது நெசந்தாங்க. தண்ணி நிக்குது. எதுனால நிக்குதுன்னு நாளைக்குக் காலைல வந்து பாத்துக்கினு சொல்றேன்.”

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

“பார்த்தியா, நாளைக்கே வர்றாங்களாம். ஸ்கெட்ச் போட்டுக் கொடுத்ததோட எஃபெக்ட்!” என்றார் இவர், வரும் வழியெல்லாம்.

சொன்னபடி மறுநாள் ஏழு மணிக்கு வந்துவிட்டார் செல்வி. வேலைக்குப் போகும் வழி. தோளில் சாப்பாட்டுப் பை. கையில் நீளமான மூங்கில் கழி. தெருவின் மேற்குக் கோடியிலிருந்து வாய்க்காலில் கழியை விட்டு விட்டுப் பார்த்தபடி வந்தார். இவர் வரைபடத்தோடு கூடவே நடந்தார். நான் கேட்டில் நின்றேன்.

முதல் வீடு... இரண்டாவது வீடு... நாலாவது வீடு. கழி தடையில்லாமல் போனது. எங்கள் வாசலுக்கு வந்தது. டக்.

நின்றுவிட்டது.

எங்கள் வாசலில் வாய்க்கால் மேல் ஒரு சிமென்ட் ராம்ப் இருக்கிறது. இருந்தது. ஸ்கூட்டரை ஏற்றி இறக்க இவரே நின்று கட்டியது. கீழே தண்ணீர் போகக் குழாயும் பதித்திருந்தார். கிரகப்பிரவேசத்துக்கு வந்த எல்லோரையும் ராம்ப் அருகே அழைத்துப்போய்க் காட்டியிருந்தார்.

செல்வி குனிந்து பார்த்தார். கழியால் அளந்தார்.

“கொழாய் ஒரு சாண் மேல நிக்குதுங்க சார்.”

“இல்லியே... நான் லெவல் பார்த்துத்தான் வெச்சேன்.”

“ரோட்டு லெவலுக்குச் சரியா இருக்குதுங்க. வாய்க்கா லெவலுக்கு ஒசரமா கீது. தண்ணி ஏணி போட்டா ஏறும்?”

குரலில் கேலி இல்லை. அதுதான் கஷ்டம். கேலி செய்திருந்தால் இவர் சண்டை போட்டிருப்பார். வரைபடத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “டைம் ஆயிடுச்சுங்க, பஸ்ஸு போயிடும்” என்று செல்வி கிளம்பிவிட்டார்.

அன்று பகலெல்லாம் இவர் வாசலிலேயே இருந்தார். டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பார்களே, அதை எடுத்துப்போய் மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் ஒரு சாண்.

செய்தி தெருவில் பரவ எவ்வளவு நேரம்? சாயங்காலமே பக்கத்து வீட்டு சுந்தரம் சார் வந்துவிட்டார். பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர்.

“சார், அவசரப்பட்டு ராம்ப்பை உடைச்சிடாதீங்க. நீங்க உடைச்சா நாங்க எல்லாரும் உடைக்கணும். உங்களுக்குக் கிழக்கே எல்லார் வீட்டுலயும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கு. பேசாம புதுசா வாய்க்கால் கட்டித்தரச் சொல்லி எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்துடலாம்.”

இவர் தலையாட்டினார். எனக்கும் சரி என்றுதான் பட்டது. உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா? கொசு என்றால் வலை அடித்துவிட்டால் போகிறது. அழகான ராம்ப்பை யாராவது உடைப்பார்களா?

பிறகு மழை வந்தது.

ஐப்பசி மழைதான், பகல் முழுக்கக் கொட்டித் தீர்த்தது. வாய்க்கால் நிரம்பி, தண்ணீர் எங்கள் ராம்ப்பில் முட்டி, ரோட்டில் ஏறி, பக்கத்துச் சந்து வழியாக இறங்கிப் போனது. “அப்பாடா, வடிஞ்சிடுச்சு” என்றேன் நான், ஜன்னலில் நின்று காப்பி குடித்துக்கொண்டே.

வடிந்தது... எங்கே?

மறுநாள் பால் வாங்கக் கீழத்தெருவுக்குப் போனபோது தெரிந்தது. அந்தச் சந்து முடிகிற இடம்தான் கீழத்தெரு. கூலி வேலை, கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்களின் வீடுகள். எல்லா வாசலிலும் கணுக்கால் தண்ணீர். ஒரு வீட்டில் கேஸ் அடுப்பு கட்டில் மேல் இருந்தது. அரிசி மூட்டையை இரண்டு நாற்காலிகளைச் சேர்த்து அதன்மேல் ஏற்றியிருந்தார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு பெண் அலுமினியச் சட்டியால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்.

திரும்பினார். செல்வி.

“வாங்கம்மா. பாலுக்கு வந்தீங்களா? பாத்து வாங்க, வழுக்கும்.”

“இது... உங்க வீடா?”

“ஆமாங்க.”

“அன்னைக்குக் கூட்டத்துல இதை ஏங்க சொல்லல?”

சட்டியைக் கீழே வைத்தார். “அத்தினி பேரு முன்னால எப்படிங்க சொல்றது? சாரு பெரியவரு. படம்லாம் போட்டு ஆசையா எடுத்தாந்தாரு. தவிர, மெம்பரே எங்க வூட்டுல தண்ணி வருதுன்னு சொன்னா, தனக்காகத்தான் பேசறான்னு ஆயிடும்ங்க.”

“வருஷா வருஷம் இப்படித்தானா?”

“முன்ன இல்லீங்க. மனை போட்டு வூடு கட்டுனதுலேர்ந்து ரெண்டு வருசமா.”

எங்கள் வீடு கட்டி இரண்டு வருஷம்.

பால் வாங்க மறந்துபோய் வீட்டுக்கு வந்தேன். இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. எனக்கும் அந்த யோக்கியதை இல்லை. “நம்ம தண்ணி செல்வி வீட்டு அடுப்படியில நிக்குதுங்க. போய்ப் பாருங்க” என்றேன்.

போனார். முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. கை கழுவவில்லை, டிபன் சாப்பிடவில்லை.

“கடப்பாரை எங்கே இருக்கு?”

பத்து மணிக்கு ஆரம்பித்தார். அவர் கட்டியது அல்லவா, லேசில் உடையுமா? கம்பி வேறு போட்டிருந்தார்! பத்து அடி அடித்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மறுபடி அடிப்பார். சுந்தரம் சார் மாடியில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

பதினொரு மணிக்குக் கீழத்தெருவிலிருந்து செல்வியும் இன்னும் இரண்டு பெண்களும் மண்வெட்டி, பாண்டு சட்டியோடு வந்தார்கள். அன்று வேலைக்குப் போகவில்லை. நானும் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

“சார், நீங்க செத்த குந்துங்க. நாங்க பாத்துக்கறோம்.”

“வேணாம்மா. நான் வெச்சது. நானே எடுக்கிறேன்.”

கடைசித் துண்டைப் புரட்டிப் போட்டதும் தண்ணீர் கிளம்பியது பாருங்கள்... ‘குபுக்’கென்று ஒரு சத்தம். நாலு வீட்டு வாசலில் நின்ற பச்சைத் தண்ணீர் இலை, சருகு, ஒரு ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு ஓடியது. இரண்டு வீடு தாண்டி இன்னொரு ராம்ப்பில் கொஞ்சம் திணறியது. செல்வி கழியால் குத்தி அடைப்பை எடுத்துவிட்டார். அப்புறம் நேரே ஏரிக்குப் போகிற ஓடை.

இவர் தண்ணீரோடு கூடவே ஓடை வரை நடந்தார். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு சிரிப்பு. குவார்ட்டர்ஸைக் காலி செய்த நாளிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தெருவில் இதுவரை மூன்று ராம்ப் உடைந்திருக்கிறது. சுந்தரம் சாருடையது இன்னும் இல்லை. ஆனால் மனு பேச்சை விட்டுவிட்டார். நேற்று எங்கள் வாசலில் நின்று, “குழாயை எவ்வளவு இறக்கணும் சார்?” என்று விசாரித்தார். எங்கள் ஸ்கூட்டர் இப்போது ஒரு பலகை மேல் ஏறி வருகிறது. கொஞ்சம் ஆடும். பழகிவிட்டது.

அடுத்த மழைக்குக் கீழத்தெருவில் வாசல் நனைந்தது, வீடு நனையவில்லை. செல்வி எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார். அடுப்பு தரையில்தான் இருந்தது.

புகார் எழுதுவது சுலபம். எதற்காகப் புகார் எழுதுகிறோமோ, அதன் ஒரு முனை நம் வீட்டு வாசலில் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதுதான்... இடுப்பு வலிக்கிறது!

இப்போது இவரை வீட்டில் பிடிக்க முடிவதில்லை. ஊரில் உள்ள அத்தனை வாய்க்காலுக்கும் மட்டம் பார்த்துத் தரச் சொல்லி செல்வி கேட்டிருக்கிறார். காலை ஆறு மணிக்கு டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினால் சாப்பாட்டுக்குத்தான் வருகிறார். மண்ணும் சேறுமாக வருகிறார். நன்றாகத் தூங்குகிறார்.

போன வாரம் பம்ப் செக்ஷனில் இவரோடு வேலை பார்த்த நண்பர் போன் செய்தார். “என்னம்மா, ரிட்டயர்மென்ட் லைஃப் எப்படிப் போகுது?”

“இன்னும் ஆரம்பிக்கலைங்க” என்றேன்.