செஸ்டரும் எங்க வாசல் முனியும்

இங்கிலாந்துல செஸ்டர்னு ஒரு ஊரு இருக்கு. நான் பாத்ததில்ல, பாக்கவும் மாட்டேன். ஆனா அந்த ஊரை நான் வாயாரத் திட்டின அளவுக்கு அதோட பரம்பரை எதிரிகூடத் திட்டியிருக்க மாட்டான். என் சாபம் பலிக்கப்போறதில்ல, அது வேற. ரோமாபுரிச் சிப்பாய் விட்டுட்டுப் போன பிறகும் நின்ன ஊரு அது. சாக்சன்காரன், நார்மன்காரன்னு அடுத்தடுத்து வந்து ஏறி உக்காந்தும் நின்ன ஊரு. பர்மாவுல, பசுந்தாங்னு ஒரு பேட்டையில, கீழ்வீட்டுல தோசை சுட்டு வித்த ஒரு பொம்பளை சபிச்சா அது விழுந்துடுமா?

இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும்னு நெனப்பீங்க. எல்லாம் எங்க அண்ணன் உபயம். கப்பல் வேலைக்குப் போனவரு, அந்தச் சீமையில ஒரு துறைமுகத்துல எறங்கினவரு, திரும்ப ஏறவே இல்ல. அங்கேயே கல்யாணம் கட்டி, செஸ்டர்ல பஸ் ஓட்டி, ரிட்டயர் ஆயி, இப்போ ஞாயித்துக்கிழமை ஆனா ஊரு பாக்க வர்றவங்களைக் கோட்டைச் சுவரு மேல கூட்டிட்டு நடந்து கதை சொல்றாரு. சம்பளம் கிடையாது, சும்மாதான். அம்மா காரியத்துக்கு லீவு கெடைக்கலன்னு வராத மனுசன், ரோமாபுரிச் சிப்பாய் எந்த அடுப்புல ரொட்டி சுட்டான்னு மனப்பாடமா ஒப்பிப்பாரு. கேட்டா எரிச்சல் வருமா வராதா?

என் வீட்டைப் பத்தியும் சொல்லிடுறேன். பழைய மூணு மாடிக் கட்டடம், நாலு தலைமுறையா எங்க குடும்பம் இருந்தது கீழ் வீடு. புருசன் பர்மாக்காரரு, அந்த வீட்டுலதான் வாழ்ந்தாரு, அங்கதான் போய்ச் சேந்தாரு. வாசல்ல அடுப்பு வச்சு, காலையில தோசையும் அவிச்ச பட்டாணியும் வித்துத்தான் என் காலம் ஓடிச்சு. கட்டடத்துச் சொந்தக்காரரு செத்ததும், அவரு புள்ளைங்க இடிச்சுக் கட்டச் சொல்லி ஒரு கன்ட்ராக்டர்கிட்ட குடுத்துட்டாங்க. மாடியில இருந்தவங்க எல்லாம் சரின்னு தலையாட்டிட்டு மூட்டை கட்டினாங்க. நான் மட்டும் போகல. எங்க போறது, சொல்லுங்க?

கன்ட்ராக்டர் என்னை ஒண்ணும் பண்ண முடியாம நின்னதுக்குக் காரணம் எங்க வாசல் முனி. முட்டி உயரத்துக்கு ஒரு கல்லு. முகப்புல சூலம் செதுக்கியிருக்கும். எங்க தாத்தாவோட அப்பா முனிசிபாலிட்டியில காவா வெட்டுற வேலை பாத்தவரு. ஒரு நாளு மண்ணுக்குள்ள சூலம் போட்ட கல்லு வந்துச்சாம், முனி தானா வெளிய வந்துட்டாருன்னு தூக்கிட்டு வந்து வாசல்ல நட்டுட்டாராம். அன்னிலேருந்து வெள்ளிக்கிழமை ஆனா எண்ணெய், குங்குமம், எலுமிச்சம்பழம். நம்ம சனம் மட்டும் கும்பிடல. பர்மாக்காரங்களுக்கு அவரு ஒரு நாட், அவங்க ஊரு காவல் தெய்வம். சிவப்பும் வெள்ளையுமாத் துணி கட்டுவாங்க, தேங்கா பழம் வைப்பாங்க. அந்த வழியாப் போறவன் எவனா இருந்தாலும் செருப்பைக் கழட்டிட்டுத்தான் தாண்டுவான்.

கன்ட்ராக்டர் ரெண்டு தடவை ஆளு அனுப்பினான். மொத தடவை கடப்பாறை வழுக்கி ஒருத்தன் கால் விரலு நசுங்கிப் போச்சு. ரெண்டாவது தடவை மேஸ்திரியே வந்தான், நல்ல பர்மாக்காரப் பையன், நாப்பது வயசு இருக்கும். கல்லு முன்னால குத்துக்கால் போட்டு உக்காந்து கும்பிட்டுட்டு, "அடோ, இதுல நாங்க கை வைக்க மாட்டோம்"னு சொல்லிட்டுப் போயிட்டான். அடோன்னா இங்க அத்தை மாதிரி. கல்லை எடுக்காம அஸ்திவாரம் தோண்ட முடியாது. ஆக, கல்லு நிக்கிற வரைக்கும் எனக்கு வீடு நிக்கும். அவ்வளவுதான் கணக்கு.

இந்த நேரத்துலதான் எங்க அண்ணன் மூணு வாரத்துக்கு வந்து எறங்கினாரு.

வந்த அன்னிக்கே ஆரம்பிச்சுட்டாரு. கரண்டு போயி, விசிறி நின்னு, நான் வேர்வையில குளிச்சுக்கிட்டு மாவாட்ட, இவரு பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து செஸ்டர் புராணம். டீன்னு ஒரு ஆறாம், அது கரையில ரோமாபுரிப் படை கோட்டை கட்டிச்சாம். ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குழி வெட்டப் போக, உள்ளேருந்து சிப்பாய்ங்க விளையாட்டுப் பாத்த பெரிய வட்ட அரங்கம் எந்திரிச்சு வந்துச்சாம். அது மேல போட இருந்த ரோட்டையே சனங்க சண்டை போட்டு வளைச்சு விட்டாங்களாம். "ஒரு கல்லைத் தொட முடியாது புள்ள, அங்க! கல்லுக்கு அவ்வளவு மரியாதை!"ன்னாரு. மனுசனுக்கு எப்படின்னு கேட்டேன். அவரு மறுபடியும் ஆத்துக் கதைக்குப் போயிட்டாரு.

அப்புறம் அந்த ஆறு மண்ணடிச்சுத் தூர்ந்து, கப்பலெல்லாம் லிவர்பூலுக்குப் போயிடுச்சாம். "நம்ம பசுந்தாங் காவாயும் அப்படித்தான் நாறுது, அதுக்கு எவனாச்சும் டிக்கெட்டு போட்டுக் கதை சொல்றானா?"ன்னேன். "அதையும் இதையும் சேக்காதே"ன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாரு. தோசைக்கு வந்தவங்ககிட்டகூட விடல. ஒரு டாக்ஸிக்காரன் சட்னி கேட்டு நிக்கிறான், இவரு அவன்கிட்ட கோட்டைச் சுவரு மேல நின்னு ஒரு ராஜா தன் படை தோத்ததைப் பாத்த கதையைச் சொல்றாரு. அவன் மறுநாள் வேற கடைக்குப் போயிட்டான்.

ஒரு கதை மட்டும் என்னைக் குத்துச்சு. ஆத்துக்கு அந்தப் பக்கம் கல்லு வெட்டின எடத்துல, பாறையிலேயே ஒரு அம்மன் செதுக்கியிருக்காம். மினர்வான்னு ரோமாபுரிக்காரன் தெய்வம். பின்னால வந்த கிறிஸ்தவ சனம் இது யாருன்னு தெரியாம, மேரி மாதான்னு நெனச்சு விட்டு வச்சுட்டாங்களாம். அதனாலதான் நின்ன எடத்துலயே தப்பிச்சு நிக்கிறான்னு சொல்றாங்களாம். இதைச் சொல்லிட்டு எங்க அண்ணன் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாரு. "பாவம், வெவரம் தெரியாத சனங்க!" எனக்குச் சிரிப்பு வரல. நான் எந்திரிச்சுப் போயி முனிக்கு இன்னொரு கை குங்குமம் அப்பிட்டு வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை உளுந்து வாங்கத் தாமுவே மார்க்கெட்டுக்குப் போனேன். கடையைப் பாத்துக்குங்கண்ணேன்னு சொல்லிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தா வாசல்ல கூட்டம். அமலே, அய்யய்யோ, யாருக்கு என்ன ஆச்சோன்னு ஓடினேன். கூட்டத்துக்கு நடுவுல எங்க அண்ணன் லோஞ்சியை முட்டிக்கு மேல மடிச்சுக் கட்டிக்கிட்டு, வெந்நீரும் சோப்புமா, பல்லு தேய்க்கிற பிரஷ்ஷால முனியைத் தேய்ச்சுக்கிட்டு இருக்காரு! நாலு தலைமுறை எண்ணெயும் குங்குமமும் கருஞ்சேறா வழிஞ்சு காவாயில போகுது. கல்லு தோலை உரிச்ச கோழி மாதிரி நிக்குது.

"பாத்தியா புள்ள!" சின்னப் புள்ள கணக்கா அவரு முகத்துல சந்தோசம். அப்புறம் கூட்டத்தைப் பாத்துப் பர்மா பாஷையில ஆரம்பிச்சாரு. சூலத்துக்குக் கீழ இங்கிலீஷ் எழுத்து தெரிஞ்சுது, தலைகீழா. இது சூலமே இல்லையாம், அம்பாம். வெள்ளைக்கார சர்க்கார் எல்லை அளந்து நட்ட கல்லுல போடுற அம்புக்குறியாம். நம்ம பெருசு கல்லைத் தலைகீழா நட்டதுல அம்பு சூலம் ஆயிடுச்சாம். "இனிமே இது சரித்திரச் சின்னம்! நான் ஆபீசுல எழுதிக் குடுக்கப்போறேன். எந்தக் கன்ட்ராக்டரும் கிட்ட வர முடியாது!"

என்னைக் காப்பாத்தத்தான் செஞ்சாரு அந்த மனுசன். அதை இன்னிக்கும் மறுக்க மாட்டேன். பழசுன்னு தெரிஞ்சா உலகம் பூரா கும்பிட்டு ஒதுங்கும்னு நெனச்சுட்டாரு. இங்க பழசுன்னா இடிக்கணும்னு அர்த்தம், சாமின்னாத்தான் ஒதுங்குவான். இது தெரியாத ஆளுக்கு ஊரென்ன, சரித்திரமென்ன!

சரி, அதோட போயிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. அதுதான் என் வயித்தெரிச்சல். கூட்டத்துல ஒருத்தரும் அவரை நம்பல. எதிர்க்கடை வெத்தலைக்கார அம்மா, "சீமைக்குப் போயி மூளை கலங்கிடுச்சு, முனி இவரு கண்ணைத்தான் எடுக்கும்"னு முணுமுணுத்துச்சு. மேஸ்திரியும் அங்கதான் இருந்தான், டீக்கடைக்கு வந்தவன். அவனே செருப்பைக் கழட்டி ஓரமா விட்டுட்டுத்தான் நின்னான். நான் பேசாம ஒரு சொம்பு தண்ணி ஊத்தி, மஞ்சளைப் பூசி, "மன்னிச்சுக்கப்பா"ன்னு விழுந்து கும்பிட்டிருந்தாப் போதும். ஆச்சு, முடிஞ்சுது.

அப்ப அண்ணன் கூட்டத்தைப் பாத்துச் சொன்னாரு: "என் தங்கச்சி மேல தப்பு இல்ல. படிப்பு கம்மி. பெரியவங்க சொன்னதை அப்படியே நம்பிட்டா, பாவம்."

பாவமாம்! ரெண்டு வாரமா என் சோத்தைத் தின்னுட்டு, என் வாசல்ல நின்னு, என் வாடிக்கைக்காரங்க முன்னால நான் பாவமாம்! எனக்கு உச்சி மண்டையில ஏறிடுச்சு. கோவம் வந்தா எனக்குப் பர்மா பாஷைதான் வரும், பொறந்ததுலேருந்து அப்படி. அன்னிக்குத் தமிழ்ல கத்தியிருந்தா அங்க ஒருத்தனுக்கும் ஒண்ணும் புரிஞ்சிருக்காது. என் விதி!

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? பன்னெண்டு வயசுலயே மழையில குங்குமம் கரைஞ்சப்போ எழுத்தைப் பாத்துட்டேன். முனிசிபாலிட்டிக் கல்லுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். வாராவாரம் இவ்வளவு கெட்டியா அப்புறது எதுக்குன்னு நெனச்சீங்க? எழுத்து தெரியக் கூடாதுன்னுதான்! அந்த ஊரு அம்மனை யாருன்னு எவனும் சொல்லாததாலதான் அவ நிக்கிறான்னு நீங்கதானே சொன்னீங்க? உங்களுக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கத் தெரியாதா?"

எல்லாத்தையும் பர்மாவுல, தொண்டை கிழிய.

கத்தி முடிச்சதும்தான் திரும்பிப் பாத்தேன். வெத்தலைக்கார அம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே, நான் அது கையில குடுத்த பிரசாதத்துல எல்லாம் மண்ணு கலந்த மாதிரி. மேஸ்திரி கல்லைப் பாத்தான், என்னைப் பாத்தான். அப்புறம் ஓரமாப் போயி செருப்பை மாட்டிக்கிட்டான்.

அண்ணன் சொன்ன மாதிரியே ஏதோ ஒரு ஆபீசுக்குப் போனாரு. மேசை மேசையா உக்காந்து, டீ குடிச்சு, போட்டோவைக் காட்டிட்டு, ஒண்ணும் ஆகாம வந்தாரு. ஊருக்குப் போய் லெட்டர் எழுதுறேன்னு ஏரோப்ளேன் ஏறிட்டாரு. நான் மறுபடியும் எண்ணெய் பூசினேன், குங்குமம் அப்பினேன். பழம் வைக்க ஒருத்தரும் வரல. போறவன் வர்றவன் செருப்போட தாண்டினான்.

இப்போ நான் தின்கன்ஜூன்ல ஒரு வாடகை ரூம்ல இருக்கேன். அடுப்பு வைக்க வாசல் இல்ல. போன வாரம் அண்ணன் போன் பண்ணி, அந்த மினர்வா முன்னால நின்னு எங்க கல்லுக் கதையையும் சேத்துச் சொல்றேன், வெள்ளைக்காரங்க அப்படி ரசிக்கிறாங்கன்னாரு. நான் போனை வச்சுட்டேன். கடைசியில நடந்தது அவருக்குத் தெரியாது. யாருக்கும் சொல்லல.

அவரு போயி பத்து நாளைக்கு அப்புறம், காலையில, கன்ட்ராக்டர் வந்தான். கார்லேருந்து எறங்கல. மேஸ்திரியும் நாலு ஆளுங்களும் கடப்பாறையோட வந்து நின்னாங்க. அதுல ஒருத்தன் விரலு நசுங்கினவன். அவன் கிட்டயே வரல. மத்தவங்களும் மேஸ்திரி மூஞ்சியைத்தான் பாத்தாங்க.

மேஸ்திரி என்கிட்ட வந்து, காருக்குக் கேக்காத மாதிரி சொன்னான்: "அடோ, 'அன்னிக்குக் கோவத்துல ஏதோ சொல்லிட்டேன், இது சாமிதான்'னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இவனுங்க தொட மாட்டானுங்க. நானும் தொட மாட்டேன். முதலாளிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

கை எடுத்துக் கும்பிடலாம் போல இருந்துச்சு அவனை. "சாமிதாம்ப்பா. சத்தியமா சாமிதான்"னேன்.

"கும்பிட்டுச் சொல்லுங்க, அடோ. இவனுங்க பாக்கட்டும்."

தலையில துணியைப் போட்டுக்கிட்டேன். கல்லு முன்னால முட்டி போட்டேன். ரெண்டு கையையும் சேத்து நெஞ்சுக்கு நேரா வச்சேன். அப்பா முனியப்பா, நீதான் காப்பாத்தணும்னு சத்தமாவே சொன்னேன். குரலு உடைஞ்சுது, அது நடிப்பு இல்ல. ஆனா என் கண்ணு மட்டும் நான் சொன்னபடி கேக்கல. இவன் நம்புறானா, நம்புறானான்னு மேஸ்திரி மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

அவன் அதைக் கவனிச்சுட்டான்.

"அடோ, சாமி அந்தப் பக்கம்ல இருக்கு"ன்னான். கோவமா இல்ல, ரொம்ப மெதுவாத்தான் சொன்னான். சொல்லிட்டு ஆளுங்களைப் பாத்து, கல்லுப் பக்கம் கையைக் காட்டினான்.