பால்நிலா வண்டியின் செவ்வாய்க்கிழமைகள்

போன மாதம் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்காருவதற்கு முன் கை கழுவப் போனேன். அப்போதுதான் தரையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பைன் வாசனைப் பினாயில். மற்றவர்களுக்குப் பிரியாணி வாசனையில் பசி எடுத்திருக்கும்; எனக்குப் பினாயில் வாசனையில் கண்ணில் நீர் கட்டியது. கல்யாண மண்டபத்தில் கண் கலங்கி நிற்கிற ஆளைப் பார்த்தால் பெண்ணை முன்பு காதலித்த ஆள் என்று நினைத்துவிடுவார்கள். அவசரமாக முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐ.டி.ஐ. முடித்துக் கல்லாவியிலிருந்து ஓசூருக்கு வந்தவன் நான். ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. அது முடிந்ததும் ஊருக்குத் திரும்ப வெட்கமாக இருந்தது. அப்போது கிடைத்ததுதான் பால்நிலா பினாயில் வண்டி ஓட்டுகிற வேலை. பெயரைக் கேட்டுப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். ஒரு தகர ஷெட், சில நீல டிரம்கள், ஒரு லோடு ஆட்டோ, அவ்வளவுதான். தண்ணீரில் ஊற்றினால் பால் போல வெளுக்கும் என்பதால் அந்தப் பெயர். முதலாளி மாரியப்பன் அண்ணன் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். வேலை பார்த்த தொழிற்சாலை மூடியதும் இதைத் தொடங்கியவர். அவர் மனைவி சாந்தம்மா ஓசூர்ப் பக்கத்துப் பேரிகை ஊர்க்காரர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ்.

வண்டியின் மேல் கட்டிய ஸ்பீக்கரில் ஒலித்தது சாந்தம்மாவின் குரல்தான். "பால்நிலா வந்திருக்குங்க. காலி பாட்டில் எடுத்துக்கிட்டு வாங்க" என்று தமிழில் ஆரம்பித்து, "காலி சீசா தீஸ்கோனி ரண்டி" என்று தெலுங்குக்குப் போய், "காலி பாட்லி தகொண்டு பன்னி" என்று கன்னடத்தில் முடியும். கூவுகிற குரல் இல்லை அது. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொல்வது போல இருக்கும்.

அண்ணனுக்கு விளம்பரம் என்றால் அது மட்டும்தான். கிழமைக்கு ஒரு பகுதி. செவ்வாய்க்கிழமை என்றால் ஜூஜுவாடி. பத்து மணி வாக்கில் நுழைந்தால், லைன் வீடுகளின் வாசலில், கொடுத்துவிட்டு நிரப்பிய பாட்டில் வாங்குவதற்கான காலி பாட்டில்கள் எங்களுக்கு முன்பே வந்து நிற்கும். ஷிப்டு மாறி மாறிப் போகிற குடும்பங்கள், கிழமையே மறந்துபோகும். அங்கே நாகரத்தினா என்றொரு பெண் இருந்தார். "உங்க அக்கா குரல் கேட்டாத்தாங்ணா இன்னிக்குச் செவ்வாக்கெழமைன்னே தெரியுது" என்பார்.

ஒரு மழைநாள். சாலையில் லாரிகளே தண்ணீரில் தவித்துக்கொண்டிருந்தன. "இன்னைக்கு யாருண்ணே வாங்குவாங்க?" என்றேன்.

"வாங்க மாட்டாவ தம்பி. ஆனா வண்டி போவணும்லா. நாம வருவோமா மாட்டோமான்னு ஒரு தடவ அவங்களுக்குச் சந்தேகம் வந்துட்டுன்னா முடிஞ்சுது."

போனோம். ஒருவரும் வெளியே வரவில்லை. நனைந்துபோய்த் திரும்பி வந்து சாந்தம்மா கொடுத்த டீயைக் குடித்தோம். லேபிள் விஷயத்திலும் அப்படித்தான். அச்சகக்காரர் புதுப்புது நிறங்களைக் கொண்டுவந்து காட்டுவார். அண்ணன் பார்த்து ரசித்துவிட்டு, பழைய வெளிர்நீலத்தையே அடிக்கச் சொல்வார். பிடிவாதம் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் வியாபாரம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

சாந்தம்மாவுக்குக் குரல் கம்மத் தொடங்கியபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மிளகுப் பால், சுக்குக் கஷாயம். பிறகு விழுங்கும்போது வலி. பெங்களூருக்குக் கூட்டிப்போனார்கள். தொண்டையில் கட்டி, குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். எடுத்தார்கள். கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வீடு திரும்பினார். ஏதாவது வேண்டுமென்றால் கையால் தட்டிக் கூப்பிடுவார். என்னைக் கண்டதும் "ஏம்பா, சாப்ட்டியா?" என்று கேட்கிறவர், இப்போது விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோவார். நான் தலையை ஆட்டிவிட்டு வேறெங்காவது பார்ப்பேன்.

வண்டி மட்டும் பழையபடி பேசிக்கொண்டிருந்தது.

காலையில் கிளம்புமுன் ஸ்பீக்கரைப் போட்டுச் சரிபார்ப்பது வழக்கம். ஒருநாள் யோசிக்காமல் போட்டுவிட்டேன். ஷெட் முழுவதும் அவர் குரல். பாட்டிலுக்கு மூடி திருகிக்கொண்டிருந்த சாந்தம்மாவின் கை அப்படியே நின்றது. மறுநாளிலிருந்து சாலை முனைக்குப் போய்த்தான் போட்டேன். ஆனாலும் திரும்பி வரும் வழி அவர்கள் வீட்டைத் தாண்டித்தான். ஒரு சாயங்காலம் வாசலிலேயே நின்றிருந்தவர், வண்டியைக் கை காட்டி நிறுத்தி, ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டார். அழவில்லை. வயரைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியில் என் பக்கத்தில் இருந்த அண்ணனையே பார்த்தார்.

"சரிம்மா. இனி போடல," என்றார் அண்ணன்.

அவர் உள்ளே போனதும் நான் தயங்கித் தயங்கி, "அண்ணே, ஜனங்களுக்கு அந்தக் குரல்தானே நம்ம அடையாளம்?" என்றேன்.

"எனக்குத் தெரியாதா தம்பி? அதுக்காவ அவளத் தினம் சாவடிக்கவா?"

அடுத்த வாரத்திலிருந்து என் குரல். நான் பேசினாலே பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏற்றுவது போல இருக்கும். கன்னடத்தில் "பன்னி" என்றால் "வாருங்கள்." சாந்தம்மா சொன்னபோது ஒரு தமிழர் வீட்டிலும் யாரும் சிரித்ததில்லை. நான் சொன்னதும், தெருவே என்னைத் திட்டுகிற ஆளாகப் பார்த்துச் சிரித்தது. சிரித்தார்களே தவிர, பாட்டிலோடு வரவில்லை. "நீங்க வேற கம்பெனிங்களா? அந்தக்கா வண்டி எப்ப வரும்?" என்று கேட்டார் ஒருவர். லேபிளைக் காட்டினேன். போலியாக இருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய ஒரு செவ்வாய்க்கிழமை வண்டி எடுக்கவில்லை. இன்னொரு வாரமும் அப்படியே ஆனது. மழைக்கும் நின்றிராத வண்டி அது. சரிந்த வியாபாரத்தைத் தூக்கி நிறுத்தலாம் என்று அண்ணன் அச்சகக்காரர் சொன்ன ஆரஞ்சு நிற லேபிளுக்குச் சம்மதித்தார். அதோடு பழைய அடையாளம் என்று எங்களிடம் ஒன்றும் மிச்சமில்லை.

நாங்கள் சொல்லாமலே சாந்தம்மாவுக்கு எல்லாம் புரிந்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அலமாரியிலிருந்து பழைய பென் டிரைவைக் கொண்டுவந்து, தானே பிளேயரில் செருகிவிட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "வேண்டாம்மா" என்றார் அண்ணன். சாந்தம்மா முன்னால் கையைக் காட்டினார். போ என்று அர்த்தம்.

ஜூஜுவாடியில் அந்தக் குரல் மறுபடி ஒலித்தது. கதவுகள் சில திறந்தன. நாகரத்தினா ஓடி வந்தார். வண்டியில் இருந்தவரைப் பார்த்ததும், அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் என்று பிடித்துக்கொண்டார். "எங்கக்கா போயிட்டீங்க இத்தினி நாளா? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவக் கூடாதா?"

சாந்தம்மா சிரிக்க முயன்றார். மேலே ஸ்பீக்கர், "பால்நிலா வந்திருக்குங்க" என்றது. நாகரத்தினா ஸ்பீக்கரைப் பார்த்தார், கழுத்துத் துணியைப் பார்த்தார். நான் சட்டென்று பிளேயரை அணைத்தேன். நாகரத்தினா உள்ளே போய்ப் பர்ஸை எடுத்து வந்து இரண்டு பாட்டில் வாங்கினார். திறந்திருந்த கதவு வழியே, கடையில் வாங்கிய வேறு பினாயில் பாட்டில் ஒன்று தெரிந்தது. இன்னும் சிலரும் வந்து வாங்கினார்கள். எல்லாரும் சாந்தம்மாவின் முகத்தைப் பார்க்காமலே வாங்கினார்கள். அன்றைக்கு நல்ல வியாபாரம். அதற்குப் பிறகு அவர் வண்டியில் ஏறவே இல்லை.

அந்த வருஷமே ஷெட்டைக் காலி செய்தார்கள். வண்டியை வெங்காய வியாபாரி ஒருவர் ஸ்பீக்கர், பென் டிரைவ் செருகியிருந்த பிளேயரோடு வாங்கிக்கொண்டார். அண்ணனும் சாந்தம்மாவும் பேரிகைக்குப் போனார்கள். நான் வேறொரு கம்பெனி ஸ்டோரில் சேர்ந்தேன். சில வருஷங்களில் நோய் மறுபடி வந்து சாந்தம்மா இறந்துபோனார்.

காரியம் முடிந்து சில நாட்கள் கழித்து அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, அவ பேசுனது உங்கிட்ட எங்கயாவது இருக்கா? ஒரு தடவ கேக்கணும் போல இருக்கு."

என் போனில் இல்லை. வெங்காயக்காரரைத் தேடிப் பிடித்தேன். பழையதை அழித்துவிட்டுத் தன் குரலைப் பதிந்துகொண்டதாகச் சொன்னார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? மனது கேட்காமல் ஜூஜுவாடிக்குப் போனேன். வாரா வாரம் கேட்டவர்களில் யாராவது ஒருவர் விளையாட்டாகவேனும் போனில் பிடித்து வைத்திருக்க மாட்டார்களா என்றொரு நப்பாசை.

லைன் வீடுகள் இருந்த இடத்தில் ஒரு குடோன். நீளமான காம்பவுண்டுச் சுவர், உள்ளே கண்டெய்னர் லாரிகள். நாகரத்தினா எந்த ஊருக்குப் போனார் என்று சொல்ல ஆளில்லை. சுவரை ஒட்டித் தெரு முடியும்வரை நடந்து பார்த்தேன். தட்டிக் கேட்க ஒரு கதவு இல்லை.